ஹால் சுவருக்கு நீலம் வேண்டாம்

"ஜூன், இரண்டாம் ஞாயிறு. ஹால் சுவருக்கு நீலம் வேண்டாம். காரணம்: சோபாவுக்குப் பொருந்தாது."

பெயிண்ட் கடையில் கொடுத்த ஷேட் கார்டின் பின்பக்கம் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் தேதி சரி. முடிவும் சரி. காரணம் மட்டும் பொய்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில். நான் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த மாத்திரை எந்தத் தேதியில், எந்த மெஷினில், யார் கையில் தயாரானது என்று எழுதியிருப்பதைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது. பார்க்கவில்லை என்றால் 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல்பு மாட்டினால் அதில் தேதி எழுதுவேன், ஊறுகாய் பாட்டிலில் எழுதுவேன். "என் நெத்தியிலயும் ஒரு தேதி எழுதி ஒட்டிடு, எக்ஸ்பைரி எப்பன்னு தெரியும்" என்பார் என் கணவர்.

அவருக்கு பீன்யாவில் வேலை. நகரத்தின் ஒரு கோடியில் அவர், மறுகோடியில் நான். நடுவில், மெட்ரோவுக்குப் பக்கத்தில் வீடு தேடினோம். கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம், அதனால் இதுதான் எங்களுக்கே எங்களுக்கான முதல் வீடு. மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால், தெருவைப் பார்த்த பால்கனி. கீழே வீட்டு ஓனர். ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், தமிழ்தான் பேசுவார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறதாம்.

வீடு பார்க்கப் போன அன்று என் கணவரை உட்கார வைத்துப் பேசினார். அப்பா பேர் என்ன, அவர் அப்பா என்னவாக இருந்தார், எந்தத் தெரு. கணவர் வீட்டில் ஒரு காலத்தில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அவர் சொல்லச் சொல்ல ஓனர் முகம் மலர்ந்தது. "அடடே, அப்ப நம்ம ஜனங்கதான்! இனி நான் யாரையும் பாக்க வேண்டியதில்ல தம்பி" என்றார். என்னைப் பார்த்தும் சிரித்தார். அந்த 'நம்ம ஜனங்க'வில் என்னையும் சேர்த்துவிட்டார்.

கணவருக்கு அந்த வார்த்தை காதிலேயே விழவில்லை. அவருக்கு அது விழ வேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லை. எனக்கு விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நான் கண்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தலித் குடும்பம். என் அப்பா பிறப்பதற்கு முன்பே பௌத்தம் ஏற்றவர்கள். எங்கள் தெருவில் நீலம் என்பது கடையில் போய்த் தேர்ந்தெடுக்கும் நிறம் கிடையாது. கொடி நீலம், விகாரையின் கேட் நீலம், கதவு நீலம், ஜன்னல் கம்பி நீலம். வீட்டுக்கு வீடு புத்தர் படம் இருக்கும், பக்கத்திலேயே நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்ட தலைவர் படம் இருக்கும். அந்தச் சுவரைப் பார்த்தாலே நாங்கள் யார் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அடிக்கிறோம். தெரியட்டும் என்றுதான்.

ஆனால் தெருவைத் தாண்டி வாடகைக்கு வீடு கேட்கும்போது கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பு நானும் ஒரு தோழியும் சேர்ந்து வீடு தேடினோம். ஓரிடத்தில் சாவியைக் கையில் கொடுத்து, சமையலறையெல்லாம் காட்டி, கடைசியில் "உங்க வீடு எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். மறுநாள் காலை போன்: சொந்தக்காரப் பையன் திடீரென்று வருகிறானாம். வேறோர் இடத்திலும் ஒரு சொந்தக்காரப் பையன் வந்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "கண்டோன்மென்ட் பக்கம்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். தெருப் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடும்.

இதை என் கணவரிடம் நான் சொன்னதில்லை. அவர் என்னைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர், அவருடைய வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசி முடித்தவர். அவரிடம் போய் "ஒரு பெயிண்ட் டப்பாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது?

ஓனர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். "உங்க இஷ்டத்துக்கு பெயிண்ட் அடிச்சுக்கோங்க. லைட் கலரா இருக்கட்டும். காலி பண்றப்போ பழையபடி வெள்ளை அடிச்சுக் குடுத்துடணும்."

ஷேட் கார்டை விரித்த முதல் நாளே கணவர் ஆரம்பித்துவிட்டார். "ஹால்ல ஒரு சுவர் நீலம். உங்க வீட்ல இருக்கே, அதே நீலம்." முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே, ஆகாயத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்று என் அம்மாவிடம் சொன்னவர் அவர்.

"சோபாவப் பாத்தியா? அரக்குச் சிவப்பு. நீலத்துக்குப் பக்கத்துல போட்டா கண்ணு கூசும்" என்றேன். சோபா அவருடைய அம்மா கொடுத்தது. தேக்கு. வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்று சொன்னார்.

"கவர் மாத்திக்கலாம்."

"மேற்குப் பாத்த ஹால். சாயங்கால வெயில் பட்டா நீலம் அழுக்கா தெரியும்."

"நீ எப்பப்பா இதெல்லாம் படிச்ச?"

உண்மையில் படித்தேன். அந்த மாதம் முழுக்க அதைத்தான் படித்தேன். ஒரு நிறத்துக்குப் பெரும்பங்கு, ஒன்று துணைக்கு, மூன்றாவதைப் பொட்டு வைத்த மாதிரி அங்கங்கே. சூடான நிறம், குளிர்ந்த நிறம், தரையின் நிறம், கதவின் நிறம். ஒவ்வொன்றிலும் நீலத்துக்கு எதிராக ஏதாவது கிடைக்குமா என்று தேடித் தேடிப் படித்தேன். ஷேட் கார்டு பார்க்க வந்த பெயிண்டர் என் பேச்சைக் கேட்டுத் திகைத்துப்போனார். வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் தேர்ந்தெடுத்த நிறத்தின் இங்கிலீஷ் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மேடம், இவ்ளோ நீளமா பேரு வெச்சிருக்கான். நாங்க சந்தனம்னுவோம். சந்தனம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். ஹாலுக்குச் சந்தனம், திரைக்கு மாந்தளிர், சோபா மெத்தையின் அரக்கு அங்கங்கே. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அந்த ஹாலைப் பார்த்து யாரும் யாரைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனாலும் மனம் ஓயவில்லை. அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த நீலப் போர்வையைப் பெட்டியின் அடியில் போட்டேன். பிறகு அதை எடுத்து, பொருந்துமா என்று சந்தன நிற அட்டையின் மேல் வைத்துப் பார்த்தேன். மறுபடி அடியில் போட்டேன். கடையில் நீல வாளியை எடுத்து, வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தேன். வாளியில் என்ன இருக்கிறது? எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் பச்சையைத்தான் வாங்கினேன்.

பால் காய்ச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். முந்தைய நாள் சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது, அவருக்கு விடுமுறை. பெயிண்டர் முடிப்பதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாயங்காலம் நான் மெட்ரோவிலிருந்து இறங்கி நேராகப் புது வீட்டுக்கு வந்து படியேறினேன்.

மூன்று சுவர் சந்தனம். நேர் எதிரே இருந்த நாலாவது சுவர் நீலம்.

லேசான நீலம்கூட இல்லை. எங்கள் வீட்டுக் கதவு நீலம். மேற்கு வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் சொன்ன மாதிரி அழுக்காகத் தெரியவில்லை. பளிச்சென்று இருந்தது.

கணவர் கையெல்லாம் பெயிண்டோடு சிரித்துக்கொண்டு நின்றார். "எங்க அம்மா சோபாவுக்காக நீ உனக்குப் பிடிச்ச கலர விட்டுக் குடுக்கறது எனக்குத் தெரியாதா? உங்க அம்மா வீட்டுக்குப் போய் போட்டோ எடுத்து, கடையில காட்டி, அதே ஷேட் கலக்கச் சொன்னேன்."

இதுதான் அவர் போட்ட கணக்கு. நான் ஒரு மாதமாக அடுக்கிய காரணங்களையெல்லாம் கேட்டு, மருமகள் தியாகம் செய்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்.

"அழிச்சிடுங்க" என்றேன் பெயிண்டரிடம்.

அவர் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், ஈரமே காயல. இது மேல சந்தனம் அடிச்சா சாம்பலாட்டம் ஆயிடும். காயணும், பிரைமர் போடணும், அப்புறம் ரெண்டு கோட்டு. நாளைக்குப் பால் பொங்கறதுக்குள்ள ஆவாது." எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

அப்போதுதான் சொன்னேன். 'நம்ம ஜனங்க'விலிருந்து ஆரம்பித்து, அந்த இரண்டு சொந்தக்காரப் பையன்கள் வரை. நாளைக் காலை ஓனர் மேலே வருவார், சுவரைப் பார்ப்பார், என் அம்மாவைப் பார்ப்பார், இரண்டையும் கூட்டிக்கொள்வார் என்று சொன்னேன். கணவர் பெயிண்ட் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்துக்கறேன். என் சாய்ஸ்னு சொல்லிடறேன். அவர் ஒண்ணும் கேக்க மாட்டார்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அவர் சொன்னால் ஓனர் ஒன்றும் கேட்க மாட்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று இன்றும் எழுதத் தெரியவில்லை.

"ஆமா. நீ சொன்னா அது கலர். நான் சொன்னா அது அட்ரஸ்" என்றேன்.

அன்று நாங்கள் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அழகாக இருந்தது.

காலையில் அம்மா வந்துவிட்டாள். கையில் பழைய பேப்பர் சுற்றிய ஒரு படம். அது என்ன என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது, நம்ம ஊட்டு கலரு!" அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. தரையைச் சுட்டி, குரலைத் தாழ்த்தி, "கீழ இருக்கறவருக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். மேற்கொண்டு அவள் எதையும் கேட்கவில்லை. படத்தைப் பேப்பரோடு எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். "அவரு வந்துட்டுப் போவட்டும். அப்பாலிக்கா மாட்டிக்கலாம்."

நான் ஒரு மாதம் படித்துக் கண்டுபிடித்ததை அம்மா அரை நிமிடத்தில் செய்துவிட்டாள். அவளும் என்னைப் போலவே பழகியவள்தான். அவளிடமிருந்துதான் நான் பழகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பால் பொங்கியது. கணவர் கீழே போய் ஓனரை அழைத்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "ஆயுசுக்கும் நல்லா இருங்க" என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். சுவர் நேர் எதிரே இருந்தது.

"லைட் கலர்னு சொன்னேனே தம்பி."

"ஒரு சுவர்தான் அங்கிள்" என்றார் கணவர்.

நான் தட்டில் டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றேன். ஓனர் முதல் டம்ளரை எடுத்துக்கொண்டார். குடிக்கவில்லை, சூடாக இருந்தது. வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"யார் சாய்ஸ் இது?"

கணவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நேற்று ராத்திரி முழுக்க அவர் பேசாமல் இருந்தது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. இதை என்னிடம் விட்டுவிட்டார்.

"என்னோடது அங்கிள். எங்க வீட்ல எல்லாமே இந்தக் கலர்தான்."

"அப்படியா? உங்க வீடு எங்கன்னு சொன்னீங்கம்மா?"

கண்டோன்மென்ட் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். வழக்கமாக வரும் பதில், நாக்கு நுனியில் இருந்தது. உள்ளறையில் பீரோவுக்குப் பின்னால் பேப்பர் சரசரத்தது. அம்மா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தெருப் பெயரைச் சொன்னேன். போதாதென்று, "புத்த விகாரைக்கு எதிர் வீடு" என்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

ஓனர், "ஓ" என்றார்.

ஓர் எழுத்துதான். அதை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆச்சரியமா, கசப்பா, வெறும் கேட்டுக்கொண்டதற்கான அடையாளமா, எதையும் அதிலிருந்து எடுக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வெளியே வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். அதே நேரத்தில் அவருடைய போன் அடித்தது. டம்ளரோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

முதுகு மட்டும்தான் தெரிந்தது. கன்னடத்தில் யாரிடமோ பேசினார். "ஆய்து, ஆய்து, பர்த்தீனி" என்றது கேட்டது. சரி சரி, வருகிறேன் என்று அர்த்தம். பால்கனி மூலையில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன செம்பருத்தித் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பக்கம்தான் நின்றார். திரும்பி வந்து காலி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"கலர் கொஞ்சம் டார்க்தான். போறப்போ வெள்ளை அடிச்சுக் குடுத்துடுங்க." அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கணவர் மூச்சை விட்டார். "பாத்தியா? ஒண்ணுமே சொல்லல. பாலையும் குடிச்சிட்டுப் போயிட்டார்."

நான் பால்கனிக்குப் போனேன். சரிபார்ப்பதுதானே என் வேலை. செம்பருத்தித் தொட்டியின் மண்ணில் ஒரு பக்கம் ஈரமாக இருந்த மாதிரி தெரிந்தது. வெள்ளை ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கக் குனிந்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. அம்மா.

"செடி வாடிக் கெடக்குது பாரு" என்றாள். முழுச் செம்பையும் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆணி எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபடி உள்ளே போனாள்.

படத்தை அன்றே மாட்டினோம், நீலச் சுவரிலேயே. கணவர் ஸ்டூல் மேல் ஏறினார், அம்மா கீழே நின்று "இன்னும் ரவ ஏத்து" என்று அதட்டினாள். நீலச் சுவரில் நீலக் கோட்டு. நான் படித்த எந்த விதிக்கும் அது ஒத்துவராது. அரக்குச் சோபா அதற்குக் கீழேதான் கிடக்கிறது. கண் கூசவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் யாருடைய சொந்தக்காரப் பையன் வரப்போகிறான் என்று எழுந்து நிற்பேன். யாரும் வரவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஓனர் மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கட்டில் பார்த்தால், தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கிறார். ஆனால் 'நம்ம ஜனங்க' என்ற வார்த்தை அவர் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை. மோட்டார் பார்க்க இரண்டு முறை மேலே வந்தார். காபி கொடுத்தேன். ஒருமுறை சுகர் என்றார், ஒருமுறை இப்போதுதான் குடித்தேன் என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். என் கணவரும் இப்போது என்னைப் போலவே அவருடைய வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்கிறார். அதற்கு நான் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். அன்றைக்கு அந்தச் செடிக்கு ஏன் அவ்வளவு அவசரமாகத் தண்ணீர் ஊற்றினாள் என்று. "காஞ்சி கெடந்துதுடி, வேற இன்னாத்துக்கு" என்றாள். செம்பருத்தி இப்போது நன்றாகப் பூக்கிறது.

ஷேட் கார்டின் பின்பக்கம் அந்தப் பழைய குறிப்பை நான் அடிக்கவில்லை. அதன் கீழே, பால் காய்ச்சிய நாளின் தேதியைப் போட்டு இன்னொன்று எழுதியிருக்கிறேன். தெருப் பெயர் சொன்னேன், அம்மா கேட்டாள். இவை இரண்டும் உறுதி, யார் வீட்டுச் சுவர் முன்னால் நின்றும் இனி நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. டம்ளர் காலியாக இருந்தது. பாலை அவர் குடித்தாரா என்பது மட்டும் இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.